லிட்டர் சாரின் மைலேஜ்

தேனி மாவட்டத்திலேயே, நடுரோட்டில் பெட்ரோல் தீர வேண்டும் என்பதற்காக வண்டியைக் கிளப்பிய ஒரே மனிதர் எங்கள் லிட்டர் சார்தான்.

தேனியில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குக் கீழ்வீடு அவருடையது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பைக் வாங்கினார். லிட்டருக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வண்டி வந்த ஆறாம் மாதம் மனைவி இறந்துபோனார். மகள் கோயம்புத்தூரில். வீட்டில் மிஞ்சியது அவரும் வண்டியும் அந்தத் தாளும்தான்.

ஞாயிறுதோறும் காலையில் டேங்கைச் சொட்டு விடாமல் காலி செய்வார். கண்ணாடிக் குடுவையில் ஒரு லிட்டரை அளந்து ஊற்றிக்கொண்டு கம்பம் ரோட்டில் கிளம்புவார். கம்பெனி சொன்னபடி என்றால் லோயர் கேம்ப்பைத் தாண்ட வேண்டும். வண்டியோ கம்பம் தாண்டியதும் ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரம் நின்றுவிடும். பையில் இன்னொரு பாட்டில் பெட்ரோல் இருக்கும். உடனே ஊற்ற மாட்டார். புளியமரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார்.

தோட்டத்து அம்மாவுக்கே பழகிவிட்டது.

"என்ன சார், போன வாரத்துக்கு ரெண்டு மரம் முன்னாடியே நின்னுட்டீக?"

"எதிர்காத்தும்மா."

கடைசியில் ஷோரூமுக்கே போனார். துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த பையன் பொறுமையாகச் சொன்னான்.

"சார், அது டெஸ்ட் ரூம்ல எடுத்த மைலேஜ். அங்க காத்து கெடையாது, மேடு கெடையாது, குறுக்க ஆடு மாடு வராது. ஆளும் ஒரே ஆளுதான்."

"அந்த ரூமு எங்கன இருக்குன்னு சொல்லுங்க தம்பி. நான் அங்கனயே குடியிருந்துக்கிறேன்."

அடுத்த வாரம் எடையைக் குறைக்க ஆரம்பித்தார். ஒரு பக்கத்துக் கண்ணாடி போனது. சைடு பெட்டி போனது. காலைச் சாப்பாட்டையும் நிறுத்திப் பார்த்தார். பின்சக்கரத்துச் சேலை கார்டில் மட்டும் கை வைக்கவில்லை.

"அதுவே ஒரு கிலோ தேறுமே சார்" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்றார்.

ஒரு ஞாயிறு என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். எண்பது கிலோ ஆள் நான். வண்டி கம்பத்துக்கு இந்தப் பக்கமே மூச்சை விட்டது. சோதனையைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடம். அவர் நோட்டை எடுக்கவே இல்லை. அங்கிருந்த ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். கல்யாணமான புதிதில் மனைவிக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கதை. சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறு வாரமும் கீழிருந்து கூப்பிட்டார். "தம்பி, கெளம்பலாமா?"

"நான் வந்தா மைலேஜ் வராதே சார்."

"வராட்டி என்ன? வாங்க."

ஆனால் இரண்டே மாதத்தில் எனக்குக் கம்பத்துக்கு மாற்றல். புது இடம், புது வேலை. அவரிடம் போனில்கூடச் சரியாகப் பேச முடியவில்லை.

ஒரு ஞாயிறு காலை வாசலில் அந்த வண்டிச் சத்தம். கையில் முறுக்குப் பொட்டலத்துடன் லிட்டர் சார் நின்றார். டேங்க் மூடியைத் திறந்து காட்டினார். விளிம்பு வரை பெட்ரோல்.

"இன்னைக்கி டெஸ்ட் கிஸ்ட்டெல்லாம் இல்ல தம்பி. ஒங்களப் பாக்கத்தான் வந்தேன். இந்தா, கெளம்பிருவேன்."

நான் வண்டிச் சாவியை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருக்குமாகச் சேர்த்து உலை வைத்தேன்.