ஷாஜகானுக்குப் பாகம் பிரித்த பங்காளி

முகலாய சாம்ராஜ்யம் மட்டும் எங்கள் பங்காளியிடம் பஞ்சாயத்துக்கு வந்திருந்தால், இன்றைக்கும் ஒரு கீறல் விழாமல் இருந்திருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் தர்மபுரியில் பி.ஏ. பொருளாதாரம் படித்தோம். ஆன்சிலரியாக, அதாவது துணைப்பாடமாக, வரலாறு. என் ஹாஸ்டல் அறைத் தோழன் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஆள். எதிர்ப்படுகிற எல்லோரையும் 'பங்காளி' என்பான். கடைசியில் அதுவே அவன் பெயராயிற்று. பொருளாதாரத்தில் புலி. வரலாற்றில் மட்டும் எழுதும்போதெல்லாம் ஃபெயில்.

அவனுக்கு நடந்ததை எழுத வராது. நடந்திருக்க வேண்டியதைத்தான் எழுதுவான். ஷாஜகானின் நான்கு மகன்களும் அரியணைக்கு அடித்துக்கொண்டதை விவரிக்கச் சொன்னால், நாட்டையே நாலாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

"மூத்தவன் தாராவுக்கு டெல்லி. அவுரங்கசீப்புக்குத் தெக்காலப் பக்கம். கெணறெல்லாம் பொது. அப்பனுக்கு நாலு பேரும் மொறை வெச்சு சோறு போடணும். இதுல என்ன தப்பு பங்காளி?"

"உன் தீர்ப்ப யார்றா கேட்டா?"

"கேக்காம உட்டதாலதான் இத்தன சண்ட!"

பங்காளிக்குப் பெண் தருவதாகச் சொல்லியிருந்த அவன் தாய்மாமன் ஒருநாள் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார்.

"எந்தப் பாடத்துல போச்சு மாப்ள?"

"இஸ்டரிங்க மாமா."

"செத்துப்போனவங்க கததானே, அதுல எப்படித் தோத்த? இந்தத் தடவயும் போச்சுன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்."

மாமன் மகள் என்றால் பங்காளிக்கு உயிர். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இனித் தீர்ப்பு எழுதுவதில்லை என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

பரீட்சை முடியும்வரை வாசலில் காத்திருந்தேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஷாஜகான் பசங்களையே கேட்டுட்டாங்க பங்காளி."

அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பிரிச்சுக் குடுத்துட்டியாடா?"

"இல்ல. நடந்தத நடந்தபடியே எழுதிட்டேன். சமாதானம் பண்ணி வெக்க ஒரு ஆளில்லாம போச்சே!"

பாஸ்! ரிசல்ட்டைப் பார்த்ததும் அவனைவிட எனக்குத்தான் மூச்சு வந்தது. மாமன் அந்த ஆவணியிலேயே கல்யாணம் வைத்தார்.

முகூர்த்த நேரம். மாப்பிள்ளையைக் காணோம். பெண் வீட்டார் அலற ஆரம்பித்தபோது, மாலையும் கழுத்துமாக சைக்கிளில் வந்து இறங்கினான் பங்காளி. பின்னால் கேரியரில், வரப்புத் தகராறில் அவன் அப்பாவோடு பல வருஷமாகப் பேசாத சித்தப்பா.

"முகூர்த்தம் தவறியிருந்தா என்னடா பண்ணியிருப்ப?" என்று கத்தினேன்.

"சித்தப்பா வூட்டுல குந்தியிருக்க, நான் எப்படித் தாலி கட்டறது பங்காளி?"

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் தோளுக்குத் தோள் நின்று அட்சதை போட்டார்கள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்ததில், நான் போட்டதெல்லாம் ஐயர் தலையில் விழுந்தது.