சின்னச் சுத்தம்

அன்புள்ள மைத்துனன் தினேசனுக்கு,

பையன்னூரிலிருந்து உன் அத்தான் பிரேமராஜன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ரமாவும் நலம், மழையும் நலம், மின்சாரம்தான் அவ்வப்போது நலமில்லை. கொச்சியில் நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய் என்பதால் கடிதம்.

விஷயம் என் சாவி. நம் குழு இலவசமாக எழுதி ஊர் நூலகங்களுக்குக் கொடுக்கிற மென்பொருளில், மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களைப் பார்த்து உள்ளே சேர்க்கும் அதிகாரம். மின்வாரியத்தில் முப்பது வருஷம் உழைத்தும் கிடைக்காத மரியாதை எனக்கு அதில் கிடைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடுங்கப் போகிறார்கள். குழுத் தலைவன் நீ ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும்.

நடந்ததைக் கேள். போன வாரம் புதிய பதிப்பு வெளியான மறுநாளே, சமையல் புத்தகம் எழுதிய நாராயணி டீச்சர் போனில் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, நான் எழுதின புத்தகத்தை நானே தூக்கிட்டுப் போயிட்டேனா? 'எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தரவும்'னு நாப்பத்திமூணு மெசேஜ்!" எடுத்துப்போனவர்களுக்குப் போகவேண்டிய நினைவூட்டல் எழுதினவர்களுக்குப் போயிருக்கிறது. நேற்றுவரை ஓடியது இன்றும் ஓட வேண்டும், கெடுத்தவர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, திருத்தத்தைத் திரும்பப் பெற்று, சாவி இருந்தால் மூன்று மாதம் அதையும் இழக்க வேண்டும் என்பது நம் விதி. அதை எழுதியது நான்தான். எழுதும்போது என் மனதில் இருந்தது ஷாஹினா, ஒரு நாளைக்கு நாலு திருத்தம் அனுப்பும் அந்தக் கல்லூரிப் பெண். ஆகவே நேற்றைய கூட்டத்தில் எழுந்து, இது அவள் கைவரிசை என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். "பாதி பாதியா வெட்டிப் பாத்துடலாமா, அங்கிள்?" பழைய பதிப்புக்கும் புதியதற்கும் நடுவே அறுபத்திநாலு திருத்தங்கள். நடுவில் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது, கோளாறு தெரிந்தால் ஆள் முன்பாதியில், தெரியாவிட்டால் பின்பாதியில், அந்தப் பாதியையும் பாதியாக்குவது, ஆறாவது வெட்டில் ஆள் அகப்பட்டாக வேண்டும். பெரிய திரையில் போடச் சொன்னதும் நான்தான். மூன்றாவது வெட்டில் அவள் பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை. ஐந்தாவதில் எனக்கு வேர்த்தது. ஆறாவதில் திரையில் ஒரே ஒரு வரி: 'சின்னச் சுத்தம் – பிரேமராஜன்.'

தினேசா, அது சுத்தம்தான்டா! 'தொலைபேசி எண்', 'தொலைபேசி எண்'னு ஒரே மாதிரி ரெண்டு வரி கிடந்துச்சு, எதுக்கு ரெண்டுன்னு ஒண்ணை எடுத்துட்டேன், ஒண்ணு வாசகரோடது, இன்னொண்ணு விழாவுக்குக் கூப்பிட வெச்சிருந்த எழுத்தாளரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும், சின்னதுதானேன்னு ஓட்டியும் பாக்கல. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. பருப்பு வடைத் தட்டைக்கூட யாரும் என் பக்கம் நீட்டல. திருத்தத்தைத் திரும்ப எடுத்தாச்சு, எல்லாம் பழையபடி ஓடுது. சாவியை மட்டும் காப்பாத்திக் குடு.

குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். உன் மனைவிக்கு அக்காவின் அன்பும், தனியே ஒரு டப்பா நேந்திரங்காய் வறுவலும்.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும்
பிரேமராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் கோரன் மாஸ்டர் வந்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு முன் ஒரே ஒரு நாவல் எழுதியவர். "நாலு நாளா தினம் ஒரு மெசேஜ் வந்துச்சு. எவனோ ஒருத்தன் என் புத்தகத்தைக் குடுக்க மனசில்லாம வெச்சிருக்கான்னு சந்தோஷமா இருந்தேன். இன்னைக்கு வரல. நேத்துவரைக்கும் ஓடினது இன்னைக்கும் ஓடணும், அதானே உங்க விதி?" உறையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். ஷாஹினாவிடம் சொன்னேன். நினைவூட்டலில் ஒரு நகல் எழுத்தாளருக்கும் போகும்படி செய்துவிட்டாள், டீச்சருக்கு மட்டும் போகாது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, சாவியை அவளிடமே கொடு. இன்னொன்று. மாஸ்டரின் புத்தகத்தை எடுத்துப்போனவர் பெயரைப் பார்த்தேன். ஓணத்துக்கு வந்தபோது எடுத்திருக்கிறாய். தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடாதே.