இரண்டு தடவை பால் காய்ச்சிய வீடு

இன்சூரன்ஸ் எனக்கு இன்றுவரை முழுதாகப் புரிந்ததில்லை. புரியாத அந்தச் சரக்கை ஒரு காலத்தில் ராஜபாளையத்தில் தோளில் பை மாட்டிக்கொண்டு வீடு வீடாக விற்க அலைந்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாங்கியவர் யாரும் இல்லை என்பதால் பெரிய பாவம் எதுவும் சேரவில்லை.

எண்பதுகளின் கடைசி. பி.காம். முடித்துவிட்டுச் சும்மா திரிந்த என்னை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜெண்டாகச் சேர்த்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகை என்றால் புயல், மழை. அதற்குள் வீடுகளுக்குப் பாலிசி பிடித்துவிட வேண்டும் என்று வகுப்பு நடத்தினார்கள். நான் பாதி வகுப்பில் தூங்கினேன், மீதிப் பாதி புரியவில்லை. அந்த அறிவோடு தெருவில் இறங்கினால், முதல் வீட்டுக்காரரே, "கடலே இல்லாத ஊருக்குப் புயல் எந்த பஸ்ஸுல தம்பி வரும்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். நியாயமான கேள்வி.

இருந்தாலும் நான் அந்த வேலையை விடாததற்கு ஒரு காரணம் இருந்தது. பெயர் கோமதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் தாய்மாமாவின் ஒரே மகள். முறைப்பெண்தான், அவளுக்கும் சம்மதம்தான். மாமாதான், "உருப்படியா ஒரு வேலையப் பாருலே, பொறவு பேசுவோம்" என்று நிறுத்தி வைத்திருந்தார். அந்த வருடம் அவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குப் பாலிசி போட்டுவிட்டால் எனக்கு வேலை இருப்பது மாமாவுக்கே நிரூபணம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். கடைக்குப் போய்ப் பேச்சை எடுத்தேன்.

"காத்து கூரையத் தூக்கிட்டுப் போனா?" என்று மாமா கேட்டார்.

"பணம் உண்டு மாமா."

"மழை ஒழுகி உள்ள வந்தா?"

"அதுக்குக் கிடையாது."

"காத்து ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியா மழை வந்தா?"

"உண்டு."

"அது காத்து போட்ட ஓட்டையா, முன்னாடியே இருந்த ஓட்டையான்னு மழைக்கு எப்படிலே தெரியும்?"

மழைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. "எங்க ஆபீசர் முன்கூட்டியே வந்து வீட்டைப் பாத்து எழுதிக்கிடுவார் மாமா" என்று சமாளித்தேன்.

"சரி, வரச் சொல்லு. பாப்போம்" என்றார் மாமா.

எப்போது வரச் சொல்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானே யோசித்து, பால் காய்ச்சும் நாளன்றே ஆபீசரை வரச் சொல்லிவிட்டேன். வெள்ளை அடித்து, வாழை மரம் கட்டி, வீடு ஜோராக இருக்கும். ஆபீசருக்கும் ஒரு நல்ல சாப்பாடு கிடைக்கும். (இப்படி ஒரு யோசனை எனக்கு அதற்குப் பிறகு தோன்றியதில்லை. தோன்றினாலும் வீட்டில் யாரும் என்னைச் சொல்லி முடிக்க விடுவதில்லை.)

ஆவணியின் கடைசி முகூர்த்தம். புரட்டாசி பிறந்துவிடும் என்று அவசரமாக வைத்த விசேஷம். மாடிப்படிக்கு மேலே கூரை மட்டும் பாக்கி. படியின் உச்சியில் நின்றால் வானம் தெரியும். ஒரு வாரத்தில் மூடித் தருவதாகக் கொத்தனார் கருப்பையா சொல்லியிருந்தார். காலையில் பால் பொங்கியதும் அடுப்பருகே நின்ற அத்தையிடம் பாலிசியின் அருமையை விளக்க ஆரம்பித்தேன். "இப்ப, நாளைக்கே இந்த வீடு இடிஞ்சு விழுதுன்னு வைங்க அத்தை..."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏலே, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுப் பேசுத. போ, போய்ச் சாம்பார் வாளியத் தூக்கு."

அப்படித்தான் நான் பின்கட்டுப் பந்தியில் மாட்டிக்கொண்டேன். ஆபீசர் வந்தது எனக்குத் தெரியாது. சாம்பார் வாளியோடு கூடத்துக்கு வந்தபோது, மாமா தன் கடையிலேயே உசத்தியான வேட்டி, துண்டைத் தாம்பாளத்தில் வைத்துக் கொத்தனாருக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார். சொந்தக்காரர்கள், கடைத்தெரு வியாபாரிகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒரு ஓரத்தில் எங்கள் ஆபீசர் தோல்பையை இடுக்கிக்கொண்டு, சுவரை விரலால் தட்டி, தட்டிய இடத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர் ரொம்பக் கடமை தவறாதவர். யாரிடமும் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நேராக மாமாவிடம் வந்து, பேனாவைத் திறந்து, "வீடு கட்ட எவ்வளவு சார் ஆச்சு?" என்று கேட்டார்.

தோல்பை, பேனா, இந்தக் கேள்வி. கடைத்தெருக்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும்? வரி ஆபீசர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் செருப்பைத் தேடினார். ஒருவர் பேரனைத் தேடுவது போல வாசலுக்குப் போனவர் அப்படியே கடைக்குப் போய்விட்டார். பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்த இரண்டு பேர் இலையை மூடி எழுந்தார்கள். மாமாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. செலவானதில் சரிபாதியைச் சொன்னார், அதுவும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க.

அப்போதாவது நான் வாயைத் திறந்து, "மாமா, இவிய எங்க ஆபீசர்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கோ ஒரே குழப்பம். மாமா ஏன் குறைத்துச் சொல்கிறார்? ஒருவேளை குறைத்துச் சொன்னால்தான் பிரீமியம் குறையுமோ, மாமா பெரிய கில்லாடிதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு வாளியோடு நின்றேன்.

ஆபீசர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இந்த விலைக்கு இவ்வளவு பெரிய வீடு வராதே சார். சிமெண்டைக் குறைச்சு மணலைக் கூட்டியிருப்பாங்க. பலத்த காத்து அடிச்சா நிக்குமா?" என்றார்.

கொத்தனார் அப்போதுதான் தோளில் போட்ட துண்டை எடுத்து மடித்தார். வேட்டியோடு சேர்த்துத் தாம்பாளத்தில் வைத்தார். "மொதலாளி, நான் கெட்டுன வீட்டுக்கு நீங்களே பாதி வெலை சொல்லுதீய. பாதி வெலை வீட்டுக்கு முழு வேட்டி எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். பின்னாலேயே அவருடைய ஆட்களும் போனார்கள்.

அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டவர் ஆபீசர் ஒருவர்தான். பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, படிக்கு மேலே கூரை இல்லாத வீட்டுக்குப் பாலிசி தர முடியாது, வேலை முடிந்ததும் சொல்லுங்கள் என்றார். அவர் யார் என்று மாமாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேலை எங்கே முடிவது? கருப்பையா கை வைத்த வேலையில் வேறு எந்தக் கொத்தனாரும் கை வைக்கத் தயாராயில்லை. மாமா ஆள் மேல் ஆள் அனுப்பினார், கருப்பையா அசையவில்லை. ஐப்பசி பிறந்தது. படிக்கு மேலே கட்டிய தார்ப்பாயை முதல் மழையின் காற்றே கொண்டுபோய்ப் பக்கத்துத் தென்னையில் மாட்டியது. தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிப் புதுக் கூடத்தில் கொட்டியது. தெருக்காரர்கள், இனி அய்யனார் கோவில் அருவிக்குப் போகிற பஸ் காசு மிச்சம் என்று பேசிக்கொண்டார்கள். புயலிலிருந்து வீட்டைக் காப்பாற்றக் கிளம்பிய நான், புயல் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் வெள்ளத்தை வரவழைத்துவிட்டேன்.

நான் போனபோது கோமதி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குண்டானால் தண்ணீரை மொண்டு வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இதுக்குப் பணம் உண்டா, கிடையாதா அத்தான்?" என்று கேட்டாள். கேலியா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உள்ளே ரேடியோவில் வங்கக் கடலில் புயல் என்று செய்தி ஓடியது. மாமா என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "அந்தப் புயல் கரைக்கு வாரதுக்குள்ள கருப்பையாவக் கூட்டிட்டு வா. இல்லன்னா இந்த வீட்டுப் படி ஏறாத. கோமதிக்கு வேற எடம் பாத்துக்கிடுதேன்."

வேலை போனால் போகட்டும், அது எப்போது இருந்தது? கோமதி போய்விடுவாளே என்று நினைத்தபோது அழுகை முட்டியது. நனைந்தபடியே கருப்பையாவின் ஊரான வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினேன்.

கருப்பையா வீட்டில்தான் இருந்தார். நான் நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். வந்தவர் வரி ஆபீசர் இல்லை, மாமா பயந்து போய்க் குறைத்துச் சொன்னார், ஆபீசரை அழைத்தது நான், அழைத்ததைச் சொல்லாமல் விட்டதும் நான். பொறுமையாகக் கேட்டவர், "அப்ப அவரு எதுக்கு தம்பி செவுத்துல காத வச்சாரு?" என்றார்.

"எனக்கும் தெரியல அண்ணாச்சி" என்றேன். அதுதான் உண்மை.

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "வாரேன். ஆனா அன்னிக்கு எம்புட்டுப் பேரு முன்னால பாதி வெலை சொன்னாவளோ, அம்புட்டுப் பேரு முன்னாலயும் முழு வெலையச் சொல்லணும். பொறவுதான் கொத்துக் கரண்டியத் தொடுவேன்."

மறுநாள் விடிந்ததும் மழைக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அதே ஆட்களை மறுபடி அழைத்தேன். கடைத்தெருக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த ஆளு வருவாரா?" வரமாட்டார் என்று ஒவ்வொருவருக்கும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சும்மா கூட்டம் கூட்டினால் நன்றாக இருக்காது என்று அத்தை மறுபடியும் பால் காய்ச்சினாள். இரண்டு தடவை பால் காய்ச்சிய வீடு என்று ஊரில் அதற்குப் பெயர் நிலைத்தது அதனால்தான். மாமா வேட்டித் தாம்பாளத்தைக் கையில் எடுத்தார், வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார், பிறகு முழு விலையையும் சொன்னார். கருப்பையா வேட்டியை வாங்கி அத்தையிடமே பத்திரமாக வைக்கக் கொடுத்துவிட்டு, மாடிப்படி ஏறினார். மழை வெறித்து ஓய்ந்த நேரத்தில் இப்போதைக்கு என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் போட்டு, பொழுது சாய்வதற்குள் மூடிவிட்டார். புயல் வழக்கம் போல ஆந்திரா பக்கம் போய்விட்டது.

ஏஜெண்டு வேலையை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பது தெளிவாகவில்லை. மாமா கடையில் துணி கிழித்துப் போட உட்கார்ந்தேன். தை மாதம் கல்யாணம். மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "மாப்ள, நீங்க யாரையும் கூப்பிட வேண்டாம். எல்லாரையும் நான் கூப்பிட்டுக்கிடுதேன்." என் கல்யாணத்துக்கு என் சிநேகிதர்கள் ஒருவர்கூட வரவில்லை. பத்திரிகையே போகவில்லை.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், நிபந்தனை போகவில்லை. காதுகுத்து, சடங்கு எதற்கும் என் கையில் பத்திரிகை தருவதில்லை. போன வருடம் என் மகள் கல்யாணத்துக்குக் கட்டுக் கட்டாகப் பத்திரிகை வந்து இறங்கியது. பெண்ணைப் பெற்ற தகப்பன் நான், எனக்கும் நாலு கொடு என்று கோமதியிடம் சண்டைக்கே நின்றேன். அவள் மஞ்சள் தடவிய ஒரே ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினாள்.

"இது குலதெய்வத்துக்கு வைக்கது. கொண்டுபோய் வச்சுட்டு வாங்க. சாமி ஒருத்தர்தான் வந்து வீடு எம்புட்டு ஆச்சுன்னு கேக்க மாட்டாரு."