வெள்ளிக்கிழமை டீயும் ஒரு பழைய சோக்கும்

ஒரு விஷயம் அறவே தெரியாதவனால் பெரிய ஆபத்து வராது. அவன் பயந்து தள்ளி நிற்பான். முழுக்கத் தெரிந்தவன்தான் நாலு பேரைக் கூட்டி வைத்து விளக்கக் கிளம்புவான். நான் முழுக்கத் தெரிந்தவன்.

அனல் மின் நிலையத்தில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் காலம் தள்ளியவன். என் கையெழுத்துப் போட்ட பெர்மிட் இல்லாமல் அங்கே யாரும் ஒரு ஸ்குருவைக்கூடத் திருகியதில்லை. (பெர்மிட் என்பது, 'இந்த லைனில் கரண்ட் இல்லை, தைரியமாகத் தொடலாம்' என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. நான் அதைக் கொடுத்து முடிப்பதற்குள் தொடும் ஆசையே பலருக்குப் போய்விடும்.)

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வடலூர் போகும் சாலையில் கட்டிய வீட்டுக்கு வந்தேன். எந்த ஜன்னல் எங்கே என்று பார்த்துப் பார்த்துச் சொன்னவள் என் மனைவி. குடிவர அவள் இருக்கவில்லை. மகள் புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்ற நாட்களில் என் வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும்தான்.

மாலையானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் பூங்காவுக்குப் போவேன். அங்கே வேப்பமரத்தடி பெஞ்சில் மூன்று பேர் கூடுவார்கள். அக்கவுன்ட்ஸில் இருந்த கோவிந்தசாமி, இந்தப் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டிய மாரியப்பன், திருநெல்வேலியிலிருந்து வந்தவர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஸ்டெல்லா சிஸ்டர். வெள்ளிக்கிழமை தோறும் இவர்களில் ஒருவர் வீட்டில் டீ. பூங்காவை விட்டுக் கிளம்பும்போது, "இந்த வாரம் யாரு வூடு?" என்று கோவிந்தசாமி கேட்பார். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஷூ லேஸைக் கட்டுவேன். யாராவது என் பெயரைச் சொல்ல அவகாசம் தருவதாக எண்ணம். (ஒரு கட்டத்தில் லேஸ் இல்லாத செருப்பு போட்ட நாளிலும் குனிந்தேன்.)

அவர்கள் மேல் தப்பில்லை. "ஆபீஸ்ல ஒரு ஃபேன் மாட்ட பெர்மிட் கேட்டு எங்கள வேர்க்க வுட்டவரு இவரு," என்று கோவிந்தசாமி என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். விதிப்படி சரிதான் என்பதும் உண்மை. அதையும் அப்போதே சொன்னேன். அதனால்தான் நான் பெஞ்சின் ஓரத்திலேயே இருந்தேன்.

ஒரு நாள் கோவிந்தசாமி பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். டியூப்லைட் சோக்கு. வீட்டில் எல்லாம் எல்.இ.டி. மாற்றிவிட்டாராம்.

"காயலாங்கடைக்குப் போடலாம்னு எடுத்துகினு வந்தேன். சார், நீங்க கரண்ட் ஆளாச்சே. இத்தினி கனம் கனக்குதே, உள்ள என்னாதான் இருக்குது?"

என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அங்கேயே ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். "வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க, காட்டறேன்," என்றேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "போலாமே," என்றார் சிஸ்டர்.

அந்த வாரம் முழுவதும் நான் ஒரு துணை மின்நிலையத்தைத் திறக்கப் போகிறவன் போல நடந்துகொண்டேன். வீட்டைக் கழுவினேன். நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். (இருந்தது ஒன்று. தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.) மேசை மேல் சோக்கு, நாலு டார்ச் செல், ஒயர். சுவரில் 'அபாயம்' என்று எழுதிய அட்டை. விழா நன்றாக நடந்தால் வெள்ளிக்கிழமை முறையில் என் வீடும் சேரும். அதைத் தவிர வேறெதுவும் என் மனதில் இல்லை.

வந்தார்கள். வடலூரிலிருந்து வாங்கி வந்த போண்டாவைச் சட்னியோடு சாப்பிட்டார்கள். கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். பிறகு மேசைக்குப் பின்னால் நின்று பாதுகாப்பு உரையைத் தொடங்கினேன். செருப்பைக் கழற்றாதீர்கள், அவசர வழி கொல்லைப்புறக் கதவு, நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர் உண்டா என்று வரிசையாகச் சொல்லி வந்தேன்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல," என்றார் மாரியப்பன். தினமும் பெஞ்சில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பற்றி மட்டுமே பேசுகிறவர் அவர்.

"வெறும் செம்புக் கம்பிச் சுருள்," என்று சோக்கைத் தூக்கிக் காட்டினேன். "ஆனா இதுக்கு ஒரு குணம் உண்டு. வர்ற கரண்ட்ட உடனே உள்ள விடாது. வந்து பழகிட்டா, போகவும் விடாது. இந்தக் குணத்துக்குப் பேருதான் தன்மின்தூண்டல்."

"மாமியா மாதிரி," என்றார் கோவிந்தசாமி.

"மாரியப்பன், ஸ்விட்ச்ச அணைச்சதும் உங்க பெல்ட் நின்னுடுமா?"

"எங்க நிக்கும்? லோடோட கொஞ்ச தூரம் ஓடித்தான் நிக்கும்."

"ஓடற பெல்ட்டுக்குக் குறுக்கே ஒரு சுவர வெச்சா?"

"செவுரு போயிரும்லா."

"அதான் விஷயம். திடீர்னு அறுத்தா, இந்தச் சுருள் எத்தனை வோல்ட் வேணும்னாலும் தானே கிளப்பி ஒரு உதை விடும். டியூப்லைட் பத்திக்கறது அந்த உதையாலதான். நீங்க கை கோத்து நில்லுங்க. லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்."

செல்லைச் சோக்கோடு இணைத்தேன். சோக்கின் இரு முனையிலிருந்தும் ஆளுக்கொரு ஒயரை நீட்டினேன். ஒருவரும் கை நீட்டவில்லை.

"நீங்களும் சேருங்க. இல்லனா நாங்க வூட்டுக்குப் போறோம்," என்றார் கோவிந்தசாமி.

பெர்மிட் கொடுப்பவன் எந்நேரமும் வெளியே, ஸ்விட்சருகே நிற்க வேண்டும். நான் ஆயுளில் மீறாத விதி அது. "செல் ஒயர நான் எடுத்து விடறேன். நீங்க போங்க சார்," என்றார் சிஸ்டர். போய் நடுவில் நின்றேன். இடப்பக்கம் கோவிந்தசாமி என் கையைப் பிடித்தார், வலப்பக்கம் மாரியப்பன். ஆளுக்கொரு ஒயர் அவர்களுடைய மறு கையில்.

இரண்டு கையும் ஈரமாக இருந்தன. மூன்று பேருடைய கையும் ஈரம்தான். தண்ணீர் கொடுத்தவன் துண்டு கொடுக்கவில்லை. பாதுகாப்பு உரையில் முதல் வரியாக இருக்க வேண்டியது உலர்ந்த கை. அந்த ஈரம் எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. உறைத்தது வேறு. கோவிந்தசாமியின் கை வெதுவெதுப்பாக இருந்தது. மாரியப்பனின் உள்ளங்கையில் காய்ப்பு இன்னும் போகவில்லை. மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த நாளுக்குப் பிறகு என் கையை யாரும் இப்படிப் பிடித்ததில்லை.

"எடுக்கட்டுமா சார்?" என்றார் சிஸ்டர்.

சுருளில் மின்னோட்டம் நிறையக் கண்ணிமைக்கும் நேரம் போதும். அதற்கு மேல் காத்திருக்க எந்தப் பாடப்புத்தகத்திலும் காரணம் கிடையாது. நான் பேசாமல் நின்றேன்.

"எடுக்கட்டுமா சார்?"

"என்னா சார், தூங்கிட்டீங்களா?" என்றார் கோவிந்தசாமி. அதை ஒப்புதல் என்று எண்ணி சிஸ்டர் ஒயரை வெடுக்கென்று எடுத்தார்.

எறும்பு ஊரவில்லை. யானை உதைத்தது. கோவிந்தசாமியின் மேல்வரிசைப் பல்செட் வாயிலிருந்து கிளம்பி மாரியப்பனின் டீ டம்ளரில் இறங்கியது. மாரியப்பன் பின்னால் துள்ளிப் புது நாற்காலி மேல் விழ, அதன் கால் ஒடிந்தது. போண்டாத் தட்டு கவிழ்ந்தது. நான் எழுப்பிய ஒலி ஒரு பொறியாளர் எழுப்பக்கூடியதல்ல. பக்கத்து வீட்டு நாய் அதற்குப் பதில் சொன்னது.

சிஸ்டர் வரிசையாக மூவருக்கும் நாடி பார்த்தார். மாரியப்பன் தரையிலிருந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ அந்தச் செவுரு நாங்கதானா சார்?"

கோவிந்தசாமி பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு போனார். மாரியப்பன் அவரோடு போனார். சிஸ்டர் வாசலில் திரும்பி, "ரெண்டு வாட்டி கேட்டேனே, ஏன் சார் பதில் சொல்லல?" என்றார்.

"கரண்ட் நிறையணும்ல," என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. நான் 'அபாயம்' அட்டையைக் கழற்றினேன். ஒடியாத நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். போண்டாவை மறுநாள் மதியம் வரை சாப்பிட்டேன்.

மறுபடி பூங்காவுக்குப் போக ஒரு வாரம் துணிச்சல் வரவில்லை. போன அன்று என்னைக் கண்டதும் கோவிந்தசாமியும் மாரியப்பனும் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டார்கள். சிஸ்டர் முதலில் சிரித்தார். இப்போது வெள்ளிக்கிழமை டீக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள், அவர்கள் வீட்டுக்கு. என் வீட்டு முறை இன்னும் வரவில்லை. புதிதாக யாராவது பெஞ்சில் உட்கார்ந்தால், "சார் நல்லவரு. கைய மட்டும் குடுத்துடாதீங்க," என்று அறிமுகம் செய்கிறார்கள். அவரும் கும்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

இந்தக் கதையை மகளிடம் சொன்னது என் இரண்டாவது தவறு. புனேயில் அவள் மாமியார் வரை தெரிந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் பேச எதுவும் மிச்சமில்லாமல் போகும் நேரத்தில், போனை வைப்பதற்கு முன் அவள் கேட்கிறாள்:

"எடுக்கட்டுமா சார்?"

நான் சிரிப்பேன். உடனே பதில் சொல்ல மாட்டேன். அவளும் போனை வைக்க மாட்டாள்.