அப்புத்தளையில் பறந்த ஒன்பது கோழிகள்

கையில் ஸ்டியரிங் வந்துவிட்டால் மனிதனுக்குக் கழுத்து கொஞ்சம் நீண்டுவிடும். எனக்கு ஒரு முழம் நீண்டிருந்தது. ஜெர்மன் சண்டை முடிந்து இரண்டொரு வருஷம் இருக்கும். குருவிமலைத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒரு மோட்டார் கார் வாங்கி, என்னை அதற்கு டிரைவராக்கினார். காக்கிக் கோட்டு, பளபளக்கிற பித்தான், தலையில் தொப்பி. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் நடக்கும்போது யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். (பார்த்தார்கள். சிரிப்பதற்காகப் பார்த்தார்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.) அந்த வேலையில் நான் இருந்தது மொத்தம் நாலு மாதம். அது போனதற்குக் காரணம் ஒன்பது கோழிகள்.

கோழிகள் என் மனைவி மருதாயியுடையவை. கல்யாணமாகி அப்போது ஐம்பது நாள்கூட ஆகவில்லை. சீராக அவள் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும், குஞ்சிலிருந்து அவளே வளர்த்த இந்த ஒன்பதும்தான். ஒன்பதுக்கும் பெயர் உண்டு. அதில் சாம்பலி என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டை; லயத்துக்கு முன்னால் தண்ணீர் ஓடும் சின்னக் கானைத் தாண்டவே அரைநாள் யோசிக்கும். அவ்வளவு கனம்.

லயத்துக் கோழிகள் சில போய்த் தேயிலை நாற்றங்காலைக் கிளறிப் போட்டுவிட்டன. துரை கொழும்புக்குக் கிளம்பிய காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திவைத்துச் சத்தம் போட்டார். தான் திரும்பி வரும்போது லயத்தில் ஒரு கோழி இருக்கக் கூடாது, இருந்தால் துப்பாக்கிதான். அடுத்த ஆறு நாளும் லயம் முழுக்கக் கோழிக்குழம்பு வாசனை. மருதாயி மட்டும் அடுப்பில் கீரையை ஏற்றினாள்.

"அக்கா வீடு அப்புத்தளைக் கடைவீதிக்குப் பின்னாலதானே இருக்கு. அங்க கொண்டுபோய் விட்டுறலாங்க" என்றாள்.

"எதுல கொண்டுபோறது?"

"நாளைக்குத் தொரையக் கூட்டிவர காரு வெறுமனேதானே ஸ்டேசனுக்குப் போகுது?"

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் முடியாது என்றிருப்பான். ஆனால் அவள், "ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு இது ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டாள். (பெண்டாட்டி புகழ்ந்தால் தாங்குகிற வயசா அது?) சரி என்று தலையாட்டினேன்.

விடிந்ததும் மூன்று கொழுந்துக் கூடைகள் வந்தன. காலைக் கட்டலாம் என்றேன். "ஒங்க காலக் கட்டிக் குப்புறப் போட்டா சொகமா இருக்குமா?" என்றாள். கூடைக்குள் மானாப்புல்லை மெத்தையாகப் பரப்பி, கூடைக்கு மூன்றாக இறக்கி, மழைக்குப் போர்த்தும் கம்பளியால் மூடினாள். இருட்டாக இருந்தால் கோழி தூங்கிவிடுமாம். ஓரத்தில் மட்டும் மூச்சுக்கு வழி வேண்டுமாம். கூடைகளைப் பின்சீட்டில் நெருக்கி வைத்து, நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கம்பளியை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காருக்கு மேலே மடக்குகிற கித்தான் கூரை. வேடிக்கை பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அதை மடக்கிவிட்டிருந்தேன். ஊர் என்னையல்லவா பார்க்க வேண்டும்?

ஓட்டியது நான் இல்லை, அவள்தான். "மெதுவாப் போங்க, இதுகளுக்கு மயக்கம் வருது பாருங்க." "பள்ளத்துல எறக்காதீங்க, சாம்பலிக்கு வயித்தக் கலக்கும்." ஒவ்வொரு மைல்கட்டையிலும் நிறுத்தி, கம்பளியைத் தூக்கி ஒவ்வொன்றையும் நலம் விசாரித்தாள். என்னை ஒரு தரம்கூட விசாரிக்கவில்லை. விளைவு, கடைவீதிக்குப் போக நேரமில்லை. ஸ்டேஷனுக்கு முந்தின வளைவில் திரும்பியபோது, கொழும்பு ரயில் வந்து போயே போய்விட்டிருந்தது. மூடுபனியில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு துரை நடுரோட்டில் நின்றிருந்தார்.

துரையைக் கண்டால் எழுந்து நின்று சலாம் வைப்பது எங்களுக்கு மூச்சுவிடுவது மாதிரி. யோசிக்கிற வேலையே இல்லை. நான் குதித்திறங்கி, "சலாங்க தொரை!" என்றேன். பின்சீட்டில் மருதாயியும் எழுந்து நின்று கைகளைக் கூப்பினாள். இரண்டு கையையும்.

அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் நிலமே கிடையாது. மலை அப்படியே அறுந்து இறங்கும். கீழ்நாட்டிலிருந்து காற்று சுவரேறி வருகிற மாதிரி மேலே வரும். அந்தக் காற்று கம்பளியைப் பிடுங்கிக்கொண்டு போனது. கூடைகள் உருண்டன. ஒன்பதும் இறக்கையை அடித்துக்கொண்டு பள்ளத்தின் பக்கம் எகிறின. போச்சு, என் வேலையும் என் குடித்தனமும் சேர்ந்து விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன்.

கோழிகள் விழவில்லை. காற்று அவற்றைக் கீழே விடவில்லை. இறக்கையை விரித்தபடி எங்கள் தலைக்கு மேலே ஒன்பதும் நின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், நின்றன. அந்த நேரம் பார்த்துப் பனி விலகி வெயில் விழுந்தது. தூரத்தில் கடல்வரை நாடு தெரிந்தது. அவ்வளவு பெரிய ஆகாயத்தில் எங்கள் லயத்துக் கோழிகள். துரை மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் வாய் திறந்தே இருந்தது.

ஒவ்வொன்றாக எட்டும் பின்னால் தள்ளப்பட்டு, தேயிலைச் செடியிலும் காரின் மேலும் வந்து விழுந்தன. சாம்பலி மட்டும் விழவில்லை. கானைத் தாண்டாத சாம்பலி காற்றைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. பிறகு சாய்ந்து, இறக்கையே அசைக்காமல், கீழே காட்டைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. புள்ளியாகி மறையும்வரை மூன்று பேரும் பார்த்தோம்.

"என்ன இது?" என்றார் துரை.

"லயத்துல ஒரு கோழியும் இருக்கக் கூடாதுன்னு தொரைதானே சொன்னீங்க" என்றேன். (இதைவிட நல்ல பதில் எனக்கு நாற்பது வருஷமாகியும் கிடைக்கவில்லை.)

மருதாயி அழுவாள் என்று பயந்து திரும்பினேன். கன்னம் நனைந்துதான் இருந்தது. ஆனால் முகத்தில் நான் அதுவரை பார்க்காத வெளிச்சம். "போகட்டுங்க. அவளுக்கு வழி தெரிஞ்சிருச்சு" என்றாள்.

துரை முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மடியில் ஒரு சேவலை வைத்துக்கொண்டு அக்கா வீடு வரைக்கும் வந்தார். எட்டும் பிழைத்தன. தோட்டத்துக்குத் திரும்பியதும் கோட்டையும் தொப்பியையும் ஆபீசில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்றேன்.

பிற்பாடு எங்கள் மூத்த மகள் டீச்சர் வேலைக்குப் படிக்கத் தோட்டத்தை விட்டுக் கிளம்பியபோது லயமே அழுதது. மருதாயி, "சாம்பலி மக அவ" என்று சொல்லிச் சிரித்தாள். என் விஷயம் வேறு. நான் பதுளைக்குப் போய்ப் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாவிட்டால் பிள்ளைகள் கவலைப்படுவார்கள். அவள் படமாட்டாள்.

"அவரு அந்த எட்டுல ஒண்ணு. அடையுற நேரத்துக்கு வந்துருவாரு."