தவிர்க்கத்தக்க சுமை

எரிபொருள் சிக்கன வாரியத்தின் துணை அலுவலர் ஒருவர் ஐம்பது வயதில் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா, கூடாதா என்பது பற்றி வாரிய விதிகளில் எதுவும் இல்லை. விதியில் இல்லாததெல்லாம் அனுமதிக்கப்பட்டது என்று பொருள் கொள்வது அலுவலக மரபு. ஆகவே வாங்கிவிட்டேன்.

பழைய கார்தான். சின்னது. இரண்டே இருக்கை. தரையோடு தரையாகக் கிடக்கும். உள்ளே உட்காருவது சுலபம், விழுந்தால் போதும். வெளியே வருவதற்குத்தான் கதவைப் பிடித்து, முழங்காலைச் சமாதானப்படுத்தி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு முயற்சி எடுக்க வேண்டும். அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் ஐம்பதைத் தொட்டவர்களையெல்லாம் ஏதோ ஒன்று பிடித்து ஆட்டியது. கணக்குப் பிரிவுக்காரர் மலை ஏறப் போனார். கோப்புப் பிரிவுக்காரர் கிதார் கற்றுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரின் நட்பை இழந்தார். எனக்குக் கார் பிடித்தது.

கார் வாங்கியவனைப் பார்த்து உலகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நிறம் பற்றி இல்லை, வேகம் பற்றி இல்லை. "எவ்வளவு குடுக்குது?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். ஏதோ கார் நமக்குக் கொடுக்கவே பிறந்தது போல! என் கார் வாங்கப் பிறந்தது. பதினொன்றுக்கு மேல் தர மறுத்தது. சிக்கன வாரியத்தில் உட்கார்ந்துகொண்டு பதினொன்று என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. "இருபது" என்று சொன்னேன். அதற்குக் கூசவில்லை.

மனைவி ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் மருத்துவமனையும் என் அலுவலகமும் விரைவுச்சாலையின் அந்தக் கோடியில் இருக்கின்றன. அதுவரை அவள் பஸ்ஸில், நான் அலுவலக வேனில். கார் வாங்க அவள் போட்ட நிபந்தனை, "தினமும் என்னைக் கொண்டுபோய் விடணும்" என்பதுதான். பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் போனபின் எங்கள் பேச்சு "கேஸை மூடினியா", "சாவி எங்க" என்ற அளவில் வந்து நின்றிருந்தது. காரில் ஏறியதும் அவள் பேச ஆரம்பித்தாள். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த போலீஸ்காரரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் காலையில் கண் விழித்தேன். இதை அவளிடம் சொன்னதில்லை. கணவன்மார்கள் இதையெல்லாம் சொல்லலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் எங்கள் வாரியத் தலைவர் வளாகத்தில் என் காரைப் பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது, மிளகாய்ப்பழம் மாதிரி?"

"என்னோடதுதான் சார்."

"எவ்வளவு குடுக்குது?"

"இருபது சார்."

தலைவர் காரைச் சுற்றி வந்தார். யோசித்தார். எங்கள் தலைவர் யோசித்தால் யாருக்காவது கேடு என்று அர்த்தம். "இதுவே இருபது குடுக்குதுன்னா மத்தவங்க வண்டிக்கெல்லாம் என்ன கேடு?" என்றார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இருபது கொடுக்காத ஊழியர் வாகனம் எதுவும் வாரிய வளாகத்துக்குள் நுழையக் கூடாது. வாகனங்களில் உள்ள "தவிர்க்கத்தக்க சுமைகள் யாவும் இனங்கண்டு அகற்றப்பட வேண்டும்." சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் வாரிய முத்திரையோடு வைத்துக்கொண்டேன்.

வளாகத்தில் விடாவிட்டால் காரை விற்க வேண்டியதுதான். கார் போனால் அந்த அரை மணி நேரமும் போகும். அதைக் காப்பாற்ற எதையும் செய்யத் துணிந்தேன்.

சோதனைக்கு வந்தவர் எங்கள் அளவீட்டு அலுவலர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சொட்டு. டீ குடித்து முடித்தபின் தம்ளரைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழுவதற்காகக் காத்திருப்பவர்.

"ஸ்டெப்னி?"

"இறக்கிட்டேன் சார்."

"ஜாக்கி?"

"ஸ்டெப்னியே இல்லாதப்ப ஜாக்கி எதுக்கு சார்? அதையும் இறக்கிட்டேன். குடை, கால்மிதி, சாமான் டப்பா, எல்லாம் வீட்டுல இருக்கு."

"பெட்ரோல்?"

"டேங்க் நிறைய இருக்கு சார்."

"அதுவும் எடைதானே? பெட்ரோலைச் சுமக்கவே பாதிப் பெட்ரோல் போகுது. அப்பப்போ தொண்டை நனையற அளவுக்கு ஊத்திக்கோங்க."

தலை வணங்கினேன். குளிர்சாதனத்தை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஒரு லாரியின் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் ஒளிந்துகொண்டு, வெந்துகொண்டே ஓட்டினேன். ஸ்போர்ட்ஸ் காரை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டுவதற்கும் ஒரு திறமை வேண்டும். எண் பதினேழுக்கு வந்தது. அதற்குமேல் அசையவில்லை.

சொட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "காலையில பக்கத்துல யாரோ இருந்தாங்களே?"

"என் மனைவி சார்."

"அலுவலக வேலையாவா வர்றாங்க?"

"இல்ல சார். அவங்க வேலைக்குப் போறாங்க."

"அவங்க இல்லைன்னா வண்டி ஓடாதா?"

"வண்டி ஓடும் சார்..."

"அப்போ தவிர்க்கலாம்." எழுதிக்கொண்டார். "ரெண்டு உருப்படி. மனைவி ஒண்ணு. அவங்க உக்கார்ற இருக்கை ஒண்ணு. கீழ கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்றத்தான் போட்டேன். இதிலுள்ள ஓட்டை சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் எனக்கு இருபத்தைந்து வருட அலுவலக அனுபவம் இருந்தது.

அன்று மாலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இதமாக ஆரம்பித்தேன்.

"ஒரு சின்ன நிர்வாக மாற்றம் வந்திருக்கு."

"நம்ம வீட்டுக்கா?"

"கார்ல தவிர்க்கத்தக்க சுமையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க. அதுல... நீயும் வர்றே."

மடிப்பது நின்றது. "யாரு சுமை?"

"நீ நினைக்கற சுமை இல்ல. இது தொழில்நுட்பச் சொல்."

"இருபத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுல யாரு யாரைச் சுமந்தாங்கன்னு உங்க தலைவரை ஒரு சுற்றறிக்கை விடச் சொல்லுங்க" என்றாள். என் சட்டையை மட்டும் மடிக்காமல் தனியே எடுத்து வைத்தாள். காலையில் நான் எழுந்தபோது பஸ்ஸுக்குப் போயிருந்தாள்.

மெக்கானிக் இருக்கையைக் கழற்றினார். அந்த இடத்தில் வெறும் தகடும் நான்கு ஓட்டைகளும் இருந்தன. கார் இருபது கொடுத்தது. வாரியம் எனக்குச் சான்றிதழ் வழங்கியது. கழற்றிய இருக்கையைத் தலைவர் கேட்டு வாங்கி, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "ஓர் ஊழியரின் தியாகம்" என்று எழுதிப் போட்டார். தியாகம் செய்தது யார் என்பதில் எனக்கு மட்டும் சந்தேகம் இருந்தது.

அதன்பிறகு அது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. இணை இயக்குநர் மாமனாரைக் கழித்தார். கணக்குப் பிரிவுக்காரர் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் இரண்டு பெண்களையும் கழித்தார். எல்லாரையும் மிஞ்சித் தலைவர் தன் ஓட்டுநரையே கழித்துவிட்டு, எப்போதோ கற்று மறந்த வித்தையோடு தானே ஓட்டி வந்தார். கழிக்கப்பட்டவர்களில் பலர் பஸ் ஏறினார்கள். வசதியுள்ளவர்கள் ஆளுக்கொரு வண்டி வாங்கினார்கள். அந்த வண்டிகளும் இருபது கொடுத்தன. விரைவுச்சாலையில் ஊசி குத்த இடமில்லை. வாரியத்தின் ஆண்டறிக்கை பெருமையோடு சொன்னது: ஒவ்வொரு வண்டியும் வரலாறு காணாத சிக்கனத்தில் ஓடுகிறது. பெட்ரோல்தான் போதவில்லை.

ஒருநாள் காலை மேம்பாலத்து ஏற்றத்தில் போக்குவரத்து அப்படியே நின்றுவிட்டது. தொண்டை நனையும் அளவுக்கே பெட்ரோல் ஊற்றியிருந்த எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றாக விக்கி அடங்கின. பெட்ரோல் லாரி எங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. நாங்கள் ஒதுங்கினால்தான் அது வர முடியும். அது வந்தால்தான் நாங்கள் ஒதுங்க முடியும்.

"ஓரமாத் தள்ளிடலாமே?" என்றேன்.

ஏற்றத்தில் ஒருவர் தள்ள, ஒருவர் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். எந்த வண்டியிலும் இரண்டாவது ஆள் இல்லை.

"ஒருத்தருக்கொருத்தர் தள்ளிக்கலாம்" என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

"நீங்க என் வண்டியைத் தள்றது சரி. உங்க வண்டியை நான் தள்ளினா பதவி வரிசை என்ன ஆகும்?" என்றார் இணை இயக்குநர். எல்லாரும் நியாயம் என்று தலையாட்டினோம். தலைவர் இதற்கு ஒரு குழு அமைக்கலாம் என்றார்.

பின்னால் மாட்டிக்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள். பாதிப் பேர் எங்கள் குடும்பத்தார். என் மனைவியும் சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றாள்.

"என்னாச்சு?"

"பெட்ரோல் தீந்துபோச்சு."

"சரி."

"ஓரமாத் தள்ளணும். ஒரு கை குடேன்."

என்னை நிதானமாகப் பார்த்தாள். "பொண்டாட்டியத் தள்ளி வெச்சவங்களைப் பாத்திருக்கேன். தள்ளி வெச்சவளையே வண்டி தள்ளக் கூப்பிடறவரை இப்பத்தான் பாக்கறேன்."

வாரியமே மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஆராய ஆரம்பித்தது.

அவள் கார்க் கதவைத் திறந்தாள். தன் இருக்கை இருந்த இடத்திலிருந்த நான்கு ஓட்டைகளைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது, ஆனால் அது மேம்பாலம். "நீங்க தள்ளுங்க. நான் திருப்பறேன்" என்று ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

தள்ளினேன். வரிசை முழுக்க அப்படியே நடந்தது. வீட்டார் உள்ளே, அதிகாரிகள் பின்னே. லாரி வந்தது, பெட்ரோல் ஊற்றினார்கள். அவள் இறங்குவாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சாவியைத் திருகினாள்.

"எனக்கு நேரமாச்சு. ஏறுங்கன்னு சொல்லலாம். எங்க ஏறுவீங்க?"

போய்விட்டாள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள். அதனால்தான் அதுவரை அவளிடம் சாவியைக் கொடுத்ததில்லை. அந்தக் கார் அப்படி உறுமி நான் கேட்டதே இல்லை.

மாலையில் மெதுவாகக் கேட்டேன். "எவ்வளவு குடுத்துது?"

"இருபத்திமூணு."

"லாரிக்குப் பின்னாடியே போனியா?"

"எல்லா லாரியையும் தாண்டிப் போனேன்."

இதை நம்ப முடியாமல் சொட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உங்க எடை என்ன?" என்றார். சொன்னேன். பழைய சான்றிதழை ரத்து செய்து புதிது எழுதினார். என் காரில் தவிர்க்கத்தக்க சுமை நான்தான் என்று அதிகாரபூர்வமாக நிரூபணமாயிற்று. இருக்கையைத் திருப்பித் தரும்படி மனுப் போட்டேன். கழித்த சுமையை மீண்டும் ஏற்ற விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. பதில்களைத் தயாரிப்பது என் பிரிவுதான். மொழி நடை நன்றாகவே இருந்தது.

மற்ற வீடுகளிலும் இதே தீர்ப்பு. எங்கள் வாரியம் முழுவதும் ஒரே பஸ்ஸில், நின்றுகொண்டு, அலுவலகம் போகத் தொடங்கியது. சொட்டு கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே ஓட்டுநரிடம் விசாரித்தார்.

"பஸ் எவ்வளவு குடுக்குது?"

"நாலு சார்."

"ஏன் அவ்வளவு கம்மி?"

"ஜனங்க ஏறிடறாங்க சார்."

"ஏறலைன்னா?"

"சும்மா பறக்கும் சார்."

தலைவர் இதைக் கேட்டுவிட்டார். யோசித்தார். அன்று மதியமே உத்தரவின் வரைவு என் மேசைக்கு வந்தது. "பயணிகள் என்னும் தவிர்க்கத்தக்க சுமையைத் தவிர்த்தல் தொடர்பாக" என்று தலைப்பிட்டு, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பினேன்.

இப்போது நான் தினமும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். கிளம்பும்போது மனைவியிடம் நேற்றுதான் சொன்னேன், "அந்த அரை மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது" என்று. "எனக்கும்தான்" என்றாள், சாவியை எடுத்துக்கொண்டே. "இருக்கையை வாங்கிட்டு வாங்க." சிவப்புக் கார் நிறுத்தத்தைத் தாண்டும்போது ஒரு முறை ஹாரன் அடிக்கும். நான் கை காட்டுவேன்.

பஸ்கள் வருகின்றன. எல்லாம் காலி. ஒன்றும் நிற்பதில்லை. நேற்று அப்படி மூன்றாவது பஸ்ஸும் பறந்தபோது என் பக்கத்தில் நின்றவர் பொறுமை இழந்தார். "காலியாத்தானே போகுது? நின்னு ஏத்திக்கிட்டா என்னவாம்? எந்த மடையன் சார் இப்படியெல்லாம் உத்தரவு போடறான்?"

"அதானே!" என்றேன்.

நிறுத்தமே சேர்ந்து அந்த மடையனைத் திட்டியது. நானும் திட்டினேன். எல்லாரையும்விட என் குரல்தான் உரக்கக் கேட்டது.