அறுபது றோல்ஸும் சீனப் பொருளாதாரமும்

மாலை ஆறு மணிக்குப் பேச்சு. மத்தியானம் ஆகியும் அருமைராசாவுக்குச் சீனா பிடிபடவில்லை. தமிழ்ச் சங்கத்தில் அவருக்கு இதுதான் முதல் மேடை. 'ஏற்றுமதியிலிருந்து உள்நாட்டு நுகர்வுக்கும் சேவைக்கும்: சீனாவின் திருப்பம்' என்ற தலைப்பை யாரும் கேட்கவில்லை, அவராகக் கொடுத்தது.

சமையலறையில் மனைவி நிரஞ்சனி, யாரோ சொல்லிவைத்த ஓடருக்காக மட்டன் றோல்ஸ் பொரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அறுபது. பார்த்ததும் அவருக்கு எல்லாம் வெளித்துவிட்டது.

"நிரஞ்சனி, நீர்தான் சீனா!"

"என்னப்பா, விசரே உங்களுக்கு?"

"செய்யிறதெல்லாம் வெளியிலை அனுப்புறீர். வீட்டிலை ஒருத்தரும் தின்னுறேல்லை. உள்நாட்டு நுகர்வு கூடவேணும்."

"அதுக்கு?"

அதற்கு அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஆராய்ச்சிக்கு ஒன்று போதாது. மகள் றொசானாவையும் கூப்பிட்டார். அவள் "மெர்சி அப்பா" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். பதினெட்டில்தான் நுகர்வு நின்றது.

"ஐயோ, அஞ்சு மணிக்கு எடுக்க வருவினம்!"

"பதறாதையும். குறையிறதை நான் கடையிலை வாங்கியாறன். நீர் போய்ப் புருவம் திருத்தும். அது சேவைத்துறை."

இருபது வருடத்தில் மனிதர் பேசிய முதல் உருப்படியான பொருளாதாரம் இது. நிரஞ்சனி கைப்பையை எடுத்துக்கொண்டு, ஃபோனையும் அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மூன்று தமிழ்க் கடை ஏறி இறங்கினார். மூன்றாவது கடைக்காரர் நீக்கிலாப்பிள்ளை அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"எங்களுக்கு றோல்ஸ் வாறதே உங்கட வீட்டிலையிருந்துதானே அண்ணை? பெரிய ஓடராம், இண்டைக்கு ஏலாதெண்டு அக்கா சொல்லிப்போட்டா."

வீட்டுக்கு ஓடிவந்து தானே மாக் கரைத்துச் சுருட்டினார். எண்ணெயில் அது பிரிந்து ஒரு தேசப்படம்போல மிதந்தது. புகை கிளம்பி அலாரம் அலறியது. துவாயை எடுத்து விசிறினார். துவாய் பட்டு, மிச்சம் நாற்பத்திரண்டும் தட்டோடு நிலத்தில்.

ஃபோன் அடித்தது. சங்கச் செயலாளர் றொஷினி.

"அண்ணை, நிரஞ்சனி அக்கா நிக்கிறாவே? ஓடர் எடுக்க வாறன்."

"எந்த ஓடர், பிள்ளை?"

"அறுபது றோல்ஸ்."

அருமைராசா நிலத்தைப் பார்த்தார்.

"அது... ஒரு திருப்பத்திலை முடிஞ்சுபோச்சு, பிள்ளை."

"ஐயோ அண்ணை, அப்ப உங்கட பேச்சையும் விடவேண்டியதுதான். றோல்ஸ் இருக்கெண்டு நோட்டீசிலை போட்டபிறகுதான் அந்த அறுபது பேரும் வாறம் எண்டவை!"